பிற்பகல் ஒன்று பன்னிரண்டு

"வருக! இந்தப் பெட்டியை முதன்முறையாக அமைக்கத் தொடங்குவோம்" என்ற பொருளில் திரையில் வந்து நின்ற ஆங்கில வரியை மங்களாம்பிகை மூன்று முறை வாசித்தார். பிழை திருத்துவதையே தொழிலாகக் கொண்டவருக்கு, ஒரு வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தவறு எங்காவது அகப்பட்டுவிடும் என்ற நம்பிக்கை உண்டு. அந்த வரியில் எழுத்துப் பிழை ஏதும் இல்லை. பெட்டி அங்கே வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன என்பது ஒன்றுதான் அதில் இருந்த தவறு.

திருவாரூரில் பஞ்சநதம் அவர்கள் நடத்திவரும் அச்சகம் தினசரிக் காலண்டருக்குப் பெயர் பெற்றது. மன்னார்குடி நகைக்கடை முதல் தரங்கம்பாடி வலைக்கடை வரை, நானூற்றுப் பன்னிரண்டு கடைகளின் காலண்டர்கள் அங்கிருந்துதான் போகின்றன. அத்தனை கடைகளின் படங்களும், சித்திரை மாதத்திலிருந்து மங்களாம்பிகை கண் வலிக்கத் திருத்திய முந்நூற்று அறுபத்தைந்து நாள்களின் நல்ல நேரமும் ராகு காலமும், அந்த ஒரே கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. மிக்ஸி வாங்கினால் வரும் அட்டைப்பெட்டி அளவுதான் இருக்கும். உள்ளே நான்கு வன்தட்டுகள். கணினி அறையில் இருந்த அனைவரும் கம்பி வழியாக அதிலிருந்துதான் எடுப்பார்கள், அதில்தான் வைப்பார்கள். அச்சகத்தில் அதற்கு 'ஸ்டோரேஜ்' என்று பெயர்.

முந்தைய நாள் ஆயுத பூஜை. விஜயதசமிக் காலை ஒன்பது மணிக்குக் கதவைத் திறந்து, சூடம் காட்டி, ஆளுக்கொரு கணினியின் முன் அமர்ந்தபோது எவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை. பெட்டியில் விளக்கு எரிந்தது. ஆனால் கூப்பிட்டால் பதில் இல்லை. முதலாளியின் தங்கை மகன் நெடுமாறன் தன் மடிக்கணினியை நேராக அதனோடு இணைத்துப் பார்த்தான். அப்போதுதான் அந்த வரி வந்தது. அதன் கீழே 'அடுத்து' என்றொரு பொத்தான். அதை அமுக்கினால் உள்ளே மிச்சமிருப்பதும் அழிந்துவிடுமோ என்ற அச்சத்தில் ஒருவரும் தொடவில்லை. மாலை நான்கு மணிக்கு முதல் அச்சுத் தகடு ஏறியாக வேண்டும்.

நெடுமாறன் திரையின் கீழ்ப்பகுதியில் ஒரு பட்டியலைக் கண்டுபிடித்தான். பெட்டிக்கு எப்போது என்ன நடந்தது என்று அதுவே எழுதிவைத்துக்கொண்ட பட்டியல்.

"மாமா, இங்க வாங்க. ரீசெட் பட்டனை யாரோ அமுக்கிப் புடிச்சிருக்காங்க."

"கை பட்டிருக்கும்டா. நேத்து எல்லாத்தையும் தொடச்சாங்கல்ல?"

"கை பட்டா ஒண்ணும் ஆவாது மாமா. சின்ன ஓட்டை அது. ஊசி மாதிரி எதையாச்சும் உள்ள விட்டுப் பத்து செகண்ட் அமுக்கணும். தெரிஞ்ச ஆளுதான் செய்ய முடியும்."

"எப்ப நடந்திருக்கு?"

"நேத்து மத்தியானம் ஒண்ணு பன்னெண்டுக்கு."

அறையில் இருந்தவர்களின் தலைகள் ஒவ்வொன்றாகச் சைபுல்லாவின் பக்கம் திரும்பின. நேற்று மதியம் முதலாளி வீட்டில் சாப்பாடு. பன்னிரண்டரைக்கு எல்லாரும் கிளம்பிப் போனார்கள். பூஜைக்குக் கணினிகளைத் துடைத்து வைக்கிறேன் என்று தங்கியவன் சைபுல்லா ஒருவன்தான். இரண்டு மணிக்குத் துடைத்து முடித்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பொதக்குடிக்குப் பஸ் ஏறிப் போனான்.

இருபத்தொன்பது வயது. காலண்டர்ப் படங்களை வடிவமைப்பவன். அந்தப் பெட்டியை வாங்கிவந்து மாட்டியவனும் அவனே. தை பிறந்தால் தோஹாவுக்குப் போகிறேன் என்று போன மாதம்தான் முதலாளியிடம் முறையாகச் சொல்லியிருந்தான். பாஸ்போர்ட் புதுப்பிக்கக் கொடுத்திருந்தான். அடுத்த வாரம் காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள்.

"நான் எதுக்குண்ணே அமுக்கப் போறேன்? நான் வச்ச பொட்டி அது" என்றான் சைபுல்லா.

"வச்சவனுக்குத்தான் ஓட்டை எங்க இருக்குன்னு தெரியும்" என்றான் நெடுமாறன்.

"கெடுக்கணும்னா எனக்கு ஊசி எதுக்குண்ணே? பாஸ்வேர்டே எங்கிட்டதான இருக்கு. உக்காந்த எடத்துலேந்து அழிச்சிட்டுப் போயிருப்பேன்."

"கேட்டீங்களா மாமா? வழியெல்லாம் யோசிச்சு வச்சிருக்கான். போற ஆளு, போறப்ப வேற எவன்கிட்டயோ டிசைனை வித்துட்டு, இங்க தொடச்சு விட்டுட்டுப் போறான்."

நெடுமாறன் அந்தப் பட்டியலை அச்செடுத்தான். பஞ்சநதம் தாளை வாங்கி, கண்ணாடியை மேலே தூக்கிவிட்டுப் பார்த்து, பழக்கத்தின் காரணமாக மங்களாம்பிகையிடம் நீட்டினார். "நீ ஒரு தடவை பாத்துடு மங்களா."

அந்த அச்சகத்தில் எந்தத் தாளும் மங்களாம்பிகையின் பார்வை படாமல் வெளியே போகாது. அவர் பென்சிலை எடுத்தார். நேற்றைய தேதி சரி. பிற்பகல் 1:12 சரி. எண்ணுக்குப் பக்கத்தில் பொடியாக ஒரு சரிக்குறி போட்டார். போட்டு முடித்த பிறகுதான் தாம் எதற்குச் சரி போட்டோம் என்று உறைத்தது. நிமிர்ந்தபோது சைபுல்லா அந்தச் சரிக்குறியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்களுமாக்கா?" என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, அச்சு இயந்திரங்களின் ஊடே நடந்து வாசலுக்குப் போனான். இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த பெரியவர் அல்லா பிச்சை ஒதுங்கி வழிவிட்டார். அவரும் ஒன்றும் பேசவில்லை.

"நான் ஸ்டேஷனுக்குப் போயி புகார் எழுதிக் குடுத்துட்டு வரேன். பாஸ்போர்ட் எப்புடி வருதுன்னு பாப்போம்" என்று நெடுமாறன் அச்செடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

பெட்டியை விற்ற தஞ்சாவூர்க் கடைக்காரர்கள் விடுமுறையில் இருந்தார்கள். நாளை மறுநாள்தான் ஆள் அனுப்ப முடியுமாம். பஞ்சநதம் இரண்டு முறை அறைக்குள் வந்தார், இரண்டு முறையும் வெறும் கையை விரித்துக்கொண்டு திரும்பினார். "ஏதாச்சும் பண்ணும்மா. நாலு மணிக்குத் தகடு" என்பது ஒன்றே அவர் சொன்னது.

மங்களாம்பிகைக்குத் தெரிந்த வழி ஒன்றுதான் இருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. இருந்தாலும் கைப்பேசியை எடுத்தார்.

"தம்பி, மங்களாக்கா பேசறேன்."

பின்னணியில் பஸ் நிலையத்தின் இரைச்சல். "சொல்லுங்கக்கா."

"உன்னையக் கூப்புடக் கூடாதுதான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கேக்கறதுன்னு தெரியல..."

"டிசைன்லாம் போயிடுச்சான்னு பயமா இருக்காக்கா?"

"ம்."

"போவாதுக்கா. ரீசெட் ஆனா பேரு, முகவரி, நேரம், பாஸ்வேர்டு, இதுதான் போகும். தட்டுல இருக்கறது அப்புடியே இருக்கும். காலைலயே சொல்லலாம்னு வாயத் தொறந்தேன், எங்க விட்டாங்க. லேப்டாப்பு முன்னாடி உக்காருங்க. அடுத்துன்னு இருக்கறத அமுக்குங்க."

அவர் அமர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

"பேரு கேக்குது தம்பி."

"முன்ன இருந்ததே வைங்க. 'காலண்டர்'. இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல, எடம் விடாம."

"வச்சிட்டேன். இப்ப முகவரி."

"தானா எடுத்துக்கன்னு ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துடுங்க. நம்ம கையால போடணும். கடைசி நம்பர் அம்பது. இல்லன்னா அது தெனம் ஒரு வீட்டுக்குக் குடி போயிடும். மத்த கம்ப்யூட்டர்லாம் தெருத் தெருவாத் தேடிக்கிட்டு அலையும்."

இந்த நேரத்திலும் அவனுக்குச் சிரிப்புக் காட்டத் தோன்றுகிறதே என்று அவருக்கு ஆற்றாமையாக இருந்தது. அவன் சொல்லச் சொல்ல எண்களை ஒவ்வொன்றாக அடித்தார். ஒரு முறைக்கு இரு முறை சரிபார்த்தார்.

"அடுத்தது எந்த ஊரு நேரம்னு கேக்கும்க்கா. இப்ப கிரீன்விச்சுன்னு உலகப் பொது நேரம் இருக்கும். அதத் தொறந்தா நீளமா லிஸ்ட் வரும். கீழ போங்க. சென்னைன்னு இருக்கும், அஞ்சரை மணி கூட்டுனது. அதப் புடிச்சு சேவ் பண்ணுங்க."

அவர் சென்னையைப் பிடித்தார். சேமித்தார்.

திரை ஒரு கணம் வெளுத்து, மீண்டும் வந்தது. மேலே பெயரும் முகவரியும் ஒழுங்காக நின்றன. கீழ்ப்பகுதியில், காலையில் நெடுமாறன் அச்செடுத்த அதே பட்டியல். அதைப் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. ஆனால் பத்தொன்பது ஆண்டுகளாக எண்களோடு குடித்தனம் நடத்திய கண் தானாகக் கீழே இறங்கியது. இறங்கியது, அங்கேயே நின்றுவிட்டது.

பொத்தான் அமுக்கப்பட்ட வரி அப்படியே இருந்தது. அதன் நேரம் மட்டும் 1:12 இல்லை. மாலை 6:42 என்றிருந்தது.

அதற்கு முந்தைய வரியில் சைபுல்லாவின் பெயர் இருந்தது. அவன் பெட்டிக்குள் நுழைந்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியேறிய வரி. அதில் இப்போது பகல் 12:50. காலையில் அதே வரியில் வேறு எண் இருந்ததே! அவர் நினைவைக் கிளறினார். காலை 7:20. ஆம், 7:20 என்றுதான் தாளில் இருந்தது. ஏழு இருபதுக்கு அச்சகத்தின் கதவே திறந்திராது. சாவி முதலாளி வீட்டில் இருந்திருக்கும். அந்த வரிக்கு அடுத்த வரியில்தானே அவர் சரிக்குறி போட்டார்! ஒரு கடைக்காரரின் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் மூன்று வரிகளுக்கு அப்பாலிருந்து அவருக்குக் கண்ணை உறுத்தும். ஒரு மனிதனின் மீது பழி விழும் தாளில், மூடிய கதவுக்குள் அவன் உட்கார்ந்திருந்ததாக அச்சாகியிருந்தது. அவர் பார்க்கவில்லை. காட்டிய வரியை மட்டும் பார்த்தார்.

"அக்கா? சேவ் ஆச்சா?"

"தம்பி... நேரம் மாறுது."

"மாறும்தான். அதுக்குத்தான் மாத்துறோம்."

"இல்ல, பழைய நேரம். நேத்து நடந்ததோட நேரம். ஒண்ணு பன்னெண்டுன்னு இருந்தது, ஆறு நாப்பத்தி ரெண்டுன்னு இருக்கு."

பஸ் நிலையத்தில் எவரோ முத்துப்பேட்டை, முத்துப்பேட்டை என்று கூவுவது மட்டும் கேட்டது. பிறகு சைபுல்லா மிக மெதுவாகப் பேசினான்.

"ரீசெட் ஆனதும் அது கிரீன்விச்சு நேரத்துக்குப் போயிடும்க்கா. லிஸ்ட் மொத்தத்தையும் அந்த நேரத்துலதான் காட்டும். அஞ்சரை மணி கம்மியா. நெடுமாறன் அண்ணன் மாத்தாமயே பிரிண்ட் எடுத்துட்டாரு. எனக்கு அந்தத் தாளைக் காட்டவே இல்லையே, காட்டியிருந்தா சொல்லியிருப்பேன்... ஆறு நாப்பத்தி ரெண்டுக்கு நான் எங்கம்மாவுக்கு ட்ரிப்ஸ் ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரில இருந்தேன்க்கா. அப்ப அங்க யாரு இருந்தா?"

யார் இருந்தார்கள் என்று மங்களாம்பிகைக்குத் தெரியும். எல்லாரும் இருந்தார்கள். பூஜையை மாலை ஆறு நாற்பதுக்குத் தொடங்குவது என்று காலண்டரைப் பார்த்து நேரம் குறித்துக் கொடுத்தவரே அவர்தான்.

"பக்கவாட்டுல வலது பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருக்கும்க்கா. அதுல ஏதாச்சும் மாட்டியிருக்கா பாருங்க."

அவர் எழுந்து பெட்டியைச் சற்றே திருப்பினார். முகப்பில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. வலப்பக்கத்தில், கடுகு நுழையும் அளவுக்கு ஒரு துளை. அதிலிருந்து கருகிய மூங்கில் குச்சி ஒன்று அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. அடியில், மேசை மீது, ஒரு கோடாகச் சாம்பல்.

அது அவர் கை செருகிய குச்சி. நேற்று பத்தி குத்த வைத்திருந்த வாழைப்பழங்கள் எல்லாம் பெரிய அச்சு இயந்திரத்துக்கே சரியாகப் போய்விட்டன. கணினி அறைக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. முதலாளி மணியை ஆட்டிக்கொண்டே உள்ளே வந்துவிட்டார். கையில் புகையும் ஊதுபத்தியை எங்கே வைப்பது என்று அவசரமாகத் தேடியவருக்கு, அளவெடுத்துச் செய்ததைப் போல அந்தத் துளை தென்பட்டது. சாயாமல் நிற்க வேண்டுமே என்று நன்றாக அழுத்தி, உள்ளே ஏதோ அமுங்கி, குச்சி அப்படியே இறுகி நின்ற பிறகே கையை எடுத்தார். மணியோசைக்கு நடுவே எங்கோ 'கீக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் நினைவுக்கு வந்தது. யாருடைய கைப்பேசியோ என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"அக்கா, இருக்கீங்களா?"

"தம்பி, நீ பஸ் ஏறிடாத. நான் திரும்பக் கூப்புடறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். நேராக முதலாளியிடம் போனார்.

பஞ்சநதம் தம் மேசையில் நெற்றியைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருந்தார். மங்களாம்பிகை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். முதலில் அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. 

"ஊதுபத்தியா?"

"ஆமாங்கய்யா. நான்தான் குத்தினேன்."

"டிசைனெல்லாம் இருக்கா?"

"இருக்குங்கய்யா. எதுவும் போவல."

அவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "அப்பாடா. அப்ப ஒண்ணு பண்ணு. இது உன்னோடயும் என்னோடயும் இருக்கட்டும். பூஜையில நடந்தது பூஜையோட போவட்டும். பஞ்சாங்கம் அடிச்சு விக்கறவன், பத்தி எங்க குத்தறதுன்னு தெரியாதவன்னு ஊரே சிரிக்கும் மங்களா. பொட்டி பழுதாயிடுச்சு, சரி பண்ணிட்டோம்னு சொல்லிக்கலாம்."

மங்களாம்பிகை அவர் முகத்தையே பார்த்தார். பத்தொன்பது ஆண்டுகளில் அந்த மனிதர் எவரையும் வாடா போடா என்று பேசி அவர் கேட்டதில்லை, தங்கை மகனைத் தவிர. நல்லவர். நல்லவர் வாயிலிருந்து இவ்வளவு இலகுவாக அது வந்ததே என்பதுதான் அவரை நிலைகுலையச் செய்தது.

"ஐயா, மன்னிக்கணும்" என்றார். "திருட்டுப் பட்டத்த எல்லாருக்கும் முன்னாடி குடுத்துட்டு, ரெண்டு பேருக்குள்ள எடுத்துக்க முடியாதுங்கய்யா. நெடுமாறன் புகார் குடுக்கப் போயிருக்காரு. மொதல்ல போன் போடுங்க. இல்லன்னா நானே ஸ்டேஷனுக்குப் போறேன்."

முதலாளியிடம் அவர் இப்படிப் பேசியது அதுவே முதல் முறை. பேசியவரைவிடக் கேட்டவர் அதிகம் திகைத்தார். கைப்பேசியை எடுத்தார்.

"மாறா, குடுத்துட்டியா?"

"ரைட்டர் எழுதிக்கிட்டு இருக்காரு மாமா. பேரு, விலாசம்லாம் சொல்லிட்டேன்."

"நிறுத்தச் சொல்லு. தப்பு நம்ம மேலன்னு சொல்லி, அந்தத் தாளை வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு வா."

"என்ன மாமா ஆச்சு?"

"வாடான்னா."

அடுத்துச் சைபுல்லாவைக் கூப்பிட்டார். மங்களாம்பிகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார்.

"சாப்டியாப்பா?"

"இல்லண்ணே."

"இங்க வந்துடேன். ஒண்ணாச் சாப்புடலாம்."

மறுமுனையில் அவன் அவசரப்படவில்லை. "எல்லாரும் நிக்கிறப்ப என்னையத் திருடன்னு சொன்னாங்கண்ணே. நீங்க இல்லன்னு சொல்லல. இல்லன்னு இப்ப சொல்றதா இருந்தா, அதே மாதிரி எல்லாரும் நிக்கணும்."

பஞ்சநதம் கண்ணை மூடித் திறந்தார். எழுந்துபோய் அச்சு இயந்திரத்தை நிறுத்தச் சொன்னார். பட்டப்பகலில் அந்த இயந்திரம் நின்றால் காது அடைத்ததைப் போல ஓர் அமைதி வரும். ஒன்பது பேரும் கணினி அறையில் வந்து நின்றார்கள். மங்களாம்பிகை கைப்பேசியின் ஒலியைக் கூட்டி, மடிக்கணினியின் அருகில் வைத்தார்.

"சைபுல்லா எந்தத் தப்பும் பண்ணலை" என்று முதலாளி தொடங்கினார், அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மீதியை மங்களாம்பிகை சொன்னார். குச்சியை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நேரம் ஏன் மாறியது என்பதை, வடிவமைப்புப் பெண்கள் இருவரும் தலையாட்டும்வரை விளக்கினார். தாம் போட்ட சரிக்குறியையும் விடாமல் சொன்னார். எவரும் சிரிக்கவில்லை. ஊர் சிரிக்கும் என்று முதலாளி பயந்தாரே, அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பு வந்திருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும்.

அல்லா பிச்சை எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தபடி முன்னால் வந்தார். கைப்பேசியைப் பார்த்துக் குனிந்து, செவிடரிடம் பேசுவதைப் போல உரக்கப் பேசினார்.

"தம்பி, நான் பிச்சை பாய் பேசறேன். உங்க வாப்பாவோட ஒண்ணா ஓதுன ஆளு நான். காலைல நீ போறப்ப நான் ஏன் வாயத் தொறக்கலன்னு நெனச்சிருப்ப. மொதலாளிக்குப் பயந்துன்னு நெனச்சிருப்ப. அதில்ல. நான் நம்பிட்டேம்ப்பா. மெஷினு சொல்லுதே, தாள்ல இருக்கேன்னு நம்பிட்டேன்."

அல்லா பிச்சை மட்டும் அல்ல, அங்கே இருந்த ஒருவர் விடாமல் அனைவரும், அவனை நேற்றுவரை பிரியத்தோடு தம்பி என்று அழைத்தவர்கள் அனைவரும், மூன்று இலக்கங்களைப் பார்த்ததும் அவனை விட்டுவிட்டார்கள். நெடுமாறன் ஒருவன்தான் அதை வாய்விட்டுச் சொன்னவன்.

"பரவாயில்ல மாமு" என்றான் சைபுல்லா. அந்தச் சொல்லில் பரவாயில்லை என்ற பொருள் இருக்கவில்லை.

ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். இயந்திரம் மீண்டும் ஓடத் தொடங்கியது. மங்களாம்பிகை மடிக்கணினியின் முன் அமர்ந்து, கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"எப்ப வர தம்பி?"

"வரேன்க்கா. காலண்டர் முடியிற வரைக்கும் வருவேன். பாதில விட்டுட்டுப் போனா அதுக்கும் ஒரு பேரு வரும்." சற்று நிறுத்தினான். "இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. நேரத்த இணையத்துலேந்து தானா எடுத்துக்கச் சொல்லி ஒரு டிக் போடுங்க. அப்புறம் கடைசியா பாஸ்வேர்டு கேக்கும்."

டிக் போட்டார். கடைசிப் பக்கம் வந்தது. வெறுமையாக இரண்டு கட்டங்கள்.

"பழைய பாஸ்வேர்டே போடவா? சொல்லு தம்பி, அடிக்கிறேன்."

"வேணாம்க்கா. புதுசா நீங்களே ஒண்ணு வைங்க."

"சரி. என்ன வைக்கிறேன்னு நீ வந்ததும் சொல்றேன்."

"சொல்லாதீங்கக்கா" என்றான் அவன், மிகவும் மரியாதையாக. "எங்கிட்ட மட்டும் சொல்லாதீங்க. நாளைக்கு வேற ஏதாச்சும் ஆனா, அது எனக்குத் தெரியாதுன்னு இருக்கணும்."

பஸ் படியில் ஏறும் செருப்புச் சத்தமும், நடத்துநரின் விசிலும் கேட்டன. இணைப்பு துண்டிக்கப்பட்டது. வெற்றுக் கட்டத்தில் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னியது. மங்களாம்பிகையின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன.